பக்க அளவு: ஏ4 தாள் அல்ல

'பேஜ் சைஸ்' என்பதைப் 'பக்க அளவு' என்று எழுதியதும் பலருக்கு அச்சுப்பொறியும் ஏ4 தாளும் நினைவுக்கு வருகின்றன. இங்கே பேச்சு கணினி நினைவகத்தைப் பற்றியது. இயங்குதளம் நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாக நறுக்கித்தான் நிரல்களுக்குப் பங்கிடுகிறது. அந்தத் துண்டுதான் பேஜ்.

'பேஜ்' என்ற சொல்லின் மூலமான லத்தீன் 'பாகினா'வுக்கு எழுதிய பத்தி, தாள் என்று பொருள்; பதித்தலைக் குறிக்கும் 'பாங்கெரே' என்ற வினைக்கு உறவு. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் ஒரு பக்கத்துக்கு 512 சொற்கள். 48 பிட் கொண்ட அலகைச் 'சொல்' என்றே அழைத்தார்கள். உவமை கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

பிறகு வந்தது 4096. இன்டெல் 80386 செயலி (1985) முதல் அந்தச் செயலிக் குடும்பத்தின் வழக்கமான பக்க அளவு 4096 பைட் என்பதால், வட்டில் கோப்புகளை அடுக்கிப் பேணும் மென்பொருளான கோப்பு முறைமைக்குச் சோதனை நிரல் எழுதுவோர் அதை இயற்கை விதிபோலப் பதித்துவிடுகிறார்கள். ஆப்பிள் எம்1 கணினியில் மேக் இயங்குதளத்தின் பக்கம் 16,384 பைட். பவர் செயலிகளில் ஓடும் லினக்ஸில் பெரும்பாலும் 65,536. அங்கே ஒரு கோப்பை 4096-ஆவது பைட்டிலிருந்து நினைவகத்தோடு இணைக்கச் சொன்னால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகம் மறுத்துவிடும்; தொடக்கம் பக்க அளவின் மடங்காக இருக்க வேண்டும். கோப்பு முறைமையில் பழுதே இல்லை, சோதனை மட்டும் தோற்கிறது.

பக்க அளவை எண்ணாக எழுதாமல் 'சிஸ்கான்ஃப்' என்ற நிரல் அழைப்பு வழியாகப் பொறியிடமே கேட்பது முறை. ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே அளவுகோலாக்குவதும் பிழை. கோப்பின் நடுவே துளையிட்டு இடத்தை விடுவிக்கும் சோதனைக்கு வேண்டியது கோப்பு முறைமையின் தொகுதி அளவு, அதாவது அது வட்டில் இடம் ஒதுக்கும் அலகின் அளவு. தொகுதி 65,536 பைட்டாக இருந்தால் 4096 பைட் துளை சுழியங்களால் நிரம்புமே தவிர, வட்டில் இடம் விடுபடாது.

தமிழில் என்ன சொல்லலாம்? என் மனம் 'ஏடு' பக்கம் சாய்கிறது. ஒரு சுவடியின் ஏடுகள் ஒரே அளவில் நறுக்கப்பட்டிருக்கும், அடுத்த சுவடியின் அளவு வேறு. பொறிகளின் கதையும் அதுதான். மேலும் ஓர் ஏட்டுக்குப் பக்கம் இரண்டு. இங்கே நறுக்கப்படுவது ஏடே. ஆனால் 'ஏடு' இன்று நாளேடாகிவிட்டது, 'பக்கம்' வேரூன்றிவிட்டது. ஆகவே 'நினைவகப் பக்கம்', 'நினைவகப் பக்க அளவு'. முன்னொட்டை விடாதீர்கள்.

எந்தப் பொறியிலும் ஓடும் 'போர்ட்டபிள்' சோதனையைக் 'கையடக்கச் சோதனை' என்று பெயர்ப்பவர்களும் உண்டு. அது வானொலிக்குப் பொருந்தும். இதற்குப் 'பொறிசாராச் சோதனை'.