சுண்ணாம்பு அடித்த கால்

சித்திரை மாதம் உச்சிவெயிலில் கூந்தன்குளத்துக்குப் போனது என் மடத்தனம்தான். நாங்குநேரி பக்கத்து இந்த ஊரில் வீட்டையொட்டிய மரங்களில்கூட நாரை கூடு கட்டும். நிழலுக்கு ஒதுங்கிய டீக்கடையில் அண்ணாச்சி மேலே கை காட்டினார்: "அந்தக் காலப் பாருங்க, சுண்ணாம்பு அடிச்சாப்ல இல்ல?"

மஞ்சள்மூக்கு நாரைக்குக் கால் வெளிர்சிவப்பு. கூட்டில் நின்றதற்கோ வெள்ளை வெளேரென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலை லேசாக மடக்கி, தண்ணீராக எச்சத்தை அதன்மேலேயே பீய்ச்சியது. நமக்கு அருவருப்பு, அதற்கு அதுதான் வியர்வை.

பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். காற்றும் அந்த அளவுக்குக் கொதித்தால், சூட்டை வெளியேற்றத் தண்ணீரை ஆவியாக்குவதைத் தவிர வழியில்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. நாரையின் காலில் இறகில்லை. தோலுக்கடியிலேயே ரத்தம் ஓடுகிறது. எச்சத்தின் ஈரம் காயக் காய அந்த ரத்தம் குளிர்ந்து உடம்புக்குத் திரும்பும். இதன் அமெரிக்கச் சொந்தக்கார நாரையை ஆராய்ந்து 1963-இல் இதை விளக்கியவர் பிலிப் கால். காலை ஆராய்ந்தவர் பெயரும் கால்!

கூழைக்கடாவுக்கு வேறு வித்தை. வாயைத் திறந்துவைத்துத் தொண்டைப் பையைப் படபடவென்று அடிக்கும். நாய் மாதிரி மூச்சிரைத்தால் நெஞ்சுக்கூடு முழுக்க உழைக்க வேண்டும், அந்த உழைப்பே சூடு கிளப்பும். தொண்டைத் தோலை ஆட்ட நாக்கெலும்பு அசைந்தால் போதும். நீர்க்காகம், வெப்பக்கடல் தீவுகளில் வாழும் பூபி (booby) என்ற கடற்பறவை எல்லாம் இந்தக் கட்சிதான்.

உவரிக் கடற்கரைப் பக்கம் பறக்கும் ஆலாவுக்குக் கால் குட்டை, தொண்டைப் பையும் இல்லை. சுடுமணலில் அடைகாக்கும் ஆலாக்கள் தண்ணீரில் வயிற்றை நனைத்துவந்து முட்டைமேல் உட்காரும். தாகத்துக்குக் கடல்நீரையே குடிக்கலாம். கண்ணுக்குமேல் இருக்கும் சுரப்பி உப்பைப் பிரித்து மூக்கு வழியே சொட்டவிடும்.

கூட்டில் தாய் இப்போது சூரியனுக்கு முதுகு காட்டி இறக்கையை விரித்திருந்தது. அந்தக் குடைக்கடியில் மூன்று குஞ்சுகள். இன்னும் சரியாகப் பார்க்கலாமென்று மரத்தடிக்கு நகர்ந்தேன்.

"சார், அங்கன நிக்காதீங்க," என்றார் அண்ணாச்சி. "மறுபடியும் அடிக்கப்போகுது."