வேகம் கூடினால் வளைவு குறுகும் பலகை

"கையில் ஸ்டியரிங் இல்லை, காலில் பிரேக் இல்லை. இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு மலையிலிருந்து பாய்ந்து வருகிறார்கள். எப்படித் திரும்புகிறார்கள்? அப்புறம், பல பலகைகளில் பர்டன் என்று எழுதியிருக்கிறதே, அது யார்?" குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்வி சுலபமானது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

1965 கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் ஊரில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர், தன் மகள்கள் நின்றபடியே பனியில் சறுக்கி விளையாட ஸ்கீ எனப்படும் நீளமான பனிச்சறுக்குப் பட்டைகள் இரண்டைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தார். அது 'ஸ்னர்ஃபர்' என்ற பெயரில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகக் கடைக்கு வந்தது. பலகையின் மூக்கில் ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பலகையில் விளையாடி வளர்ந்த பையன்களில் ஒருவர் ஜேக் பர்டன் கார்ப்பென்டர். நியூயார்க்கில் பொருளாதாரம் படித்துவிட்டு, கிடைத்த வேலையையும் விட்டுவிட்டு, 1977இல் வெர்மான்ட் மாநிலத்தின் லண்டன்டெரி என்ற சிற்றூரில் பர்டன் என்ற பெயரில் பலகை செய்ய உட்கார்ந்தார். இரவில் மதுக்கூடத்தில் வேலை, பகலில் மரமும் பசையும். ஏறத்தாழ நூறு மாதிரிகள் செய்து பார்த்த பிறகுதான் விற்கத் தகுந்ததாக ஒன்று அமைந்தது.

1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு, காலைப் பலகையோடு பிணைக்கும் பட்டை வைத்த சொந்தப் பலகையுடன் போனார். இது செல்லாது என்று சிலர் ஆட்சேபிக்க, அவருக்காகத் தனிப் பிரிவு திறந்தார்கள். அதில் வென்றதும் அவர்தான். 1983இல் வெர்மான்ட்டின் ஸ்டிராட்டன் மலைப் பனிச்சறுக்கு மையம் ஸ்னோபோர்டுகளை உள்ளே விட்டது. 1998 நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு பதக்கப் போட்டியானது. பட்டறை பர்லிங்டன் நகரத்துக்கு மாறியது, இன்ஸ்புருக்கிலும் டோக்கியோவிலும் கிளைகள் முளைத்தன. பலகையோடு காலணி, பிணைப்பு, கோட்டு, கண்ணாடி என்று எல்லாம் சேர்ந்தன. ஜேக் 2019 நவம்பரில் காலமானார். சரி, நிறுவனக் கதை போதும்.

கயிற்றிலிருந்து பட்டைக்கு மாறியது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. கயிறு பிடித்தவரால் பலகையின் மேல் நிற்க மட்டுமே முடியும். கால் பிணைந்திருந்தால் கணுக்காலையும் முழங்காலையும் வளைத்துப் பலகையை ஒரு பக்கமாகச் சாய்க்கலாம். திரும்புவது என்பது அந்தச் சாய்வுதான்.

மேலிருந்து பார்த்தால் ஸ்னோபோர்டின் பக்கங்கள் நேர்கோடு இல்லை என்பது தெரியும். இரு முனையும் அகன்று, இடுப்பு ஒடுங்கியிருக்கும். இதைச் சைட்கட் என்கிறார்கள். பனியைத் தொடும் விளிம்பின் நீளம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; நடுவில் உள்வாங்கியிருப்பது வெறும் 2.25 சென்டிமீட்டர். பள்ளிக்கூட வடிவியல்தான்: நாணின் வர்க்கத்தை, உள்வாங்கிய ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம் வரும். 1.44-ஐ 0.18-ஆல் வகுத்தால் 8 மீட்டர். அதாவது பலகையின் ஓரம், 8 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டம் ஒன்றின் சிறு துண்டு.

இதற்கு மேல் வருவதைக் கையால் செய்து பார்ப்பதே நல்லது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சாண் நீளத்துக்குப் பலகை வடிவம் வெட்டிக்கொள்ளுங்கள். இடுப்பை நன்றாகவே ஒடுக்குங்கள். மேசை மேல் ஒரு ஓரத்தில் சாய்த்து நிறுத்தினால், அகன்ற இரு முனைகள் மட்டும் மேசையைத் தொடும். நடுவில் இடைவெளி தெரியும். இப்போது நடுவை விரலால் அழுத்துங்கள். அட்டை வில்லாக வளைந்து, ஓரம் முழுவதும் மேசையில் படியும். அது படியும் கோடு நேர்கோடு அல்ல, ஒரு வில். இன்னும் அதிகமாகச் சாய்த்து அழுத்தினால் அந்த வில் இன்னும் குறுகலாகும்.

பனியிலும் நடப்பது இதேதான். விரலுக்குப் பதில் மனிதரின் எடை. நம் கணக்குப் பலகையை 45 பாகை சாய்த்தால், ஓரம் முழுக்கப் படிய நடுப்பகுதி 2.25 சென்டிமீட்டர் வளைய வேண்டும். 60 பாகைக்கு ஏறத்தாழ 3.9 சென்டிமீட்டர். பனியில் விழும் வளைவின் ஆரம், பலகையின் ஆரத்தைச் சாய்வின் கொசைனால் பெருக்கினால் கிடைக்கும். 60 பாகையில் கொசைன் அரை. ஆகவே 8 மீட்டர் ஆரம் 4 மீட்டராகிவிடும். பலகை பக்கவாட்டில் வழுக்காமல், தன் ஓரம் கீறிய கோட்டிலேயே ஓடுகிறது. பின்னால் பென்சில் கோடுபோல மெல்லிய தடம் மட்டும் இருக்கும். இதற்குக் கார்விங் என்று பெயர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. சைக்கிளில் வேகமாகப் போனால் அகலமாகத்தான் திரும்ப முடியும். கார்விங் செய்யும் ஸ்னோபோர்டில் கதை தலைகீழ். வேகம் கூடினால், விழாமலிருக்க அதிகமாகச் சாய வேண்டும். அதிகமாகச் சாய்ந்தால் வளைவு குறுகும். வளைவு குறுகினால் மையநோக்கு விசைத் தேவை மேலும் கூடும். அதற்காக இன்னும் சாய வேண்டும். இப்படி ஒன்றை ஒன்று துரத்தி ஓரிடத்தில் சமன்படுகிறது. அந்தச் சமன்பாட்டைச் சுருக்கினால் ஆச்சரியமான எளிமை: சாய்வின் சைன் மதிப்பு, வேகத்தின் வர்க்கத்தைப் பலகையின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்ததற்குச் சமம்.

மென்சரிவில் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் சாய்வு சுமார் 27 பாகை, வளைவின் ஆரம் 7 மீட்டரை ஒட்டி. 8 மீட்டர் வேகத்தில் சாய்வு 55 பாகையை நெருங்கும், ஆரம் 4.6 மீட்டராகச் சுருங்கும். 8.85 மீட்டரில், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டரில், சைன் மதிப்பு ஒன்றைத் தொடும். 90 பாகை! ஆள் பனியில் படுத்தபடிதான் போக வேண்டும். அதற்கு மேல் அந்தப் பலகையால் சுத்தமான கார்விங் முடியாது, வழுக்கத்தான் செய்யும். உண்மையில் பனி அதற்கு முன்பே பெயர்ந்து கொடுத்துவிடும். பந்தயக்காரர்கள் நீளமான, இடுப்பு அதிகம் ஒடுங்காத பலகை வைத்திருப்பது இதனால்தான். ஆரம் 20 மீட்டர் என்றால் எல்லை மணிக்கு 50 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகும்.

நடுவே ஒரு வார்த்தை. பலகை வழுக்குவதற்குக் காரணம் நம் எடையின் அழுத்தத்தில் பனி உருகுவதுதான் என்று இன்னும் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரே ஒரு பாகை குறைக்கவே நூற்றுக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தம் வேண்டும். அகலமான பலகை மேல் நிற்கும் மனிதர் தருவது அதன் பக்கத்தில்கூட வராது. உராய்வு வெப்பமும், உறைநிலைக்குக் கீழேயும் பனியின் மேற்பரப்பு தளர்ந்தே இருப்பதும்தான் காரணம். கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒப்பிப்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

ஆக, நல்ல பலகை நீளவாக்கில் வில்லாக வளைய வேண்டும். ஆனால் குறுக்கே முறுக்கிக்கொள்ளக் கூடாது. முறுக்கினால் முனைகளில் விளிம்பின் பிடி போய்விடும். மர நடுப்பகுதிக்கு மேலும் கீழும் கண்ணாடியிழை ஒட்டுவது இதற்காக. இழை ஓடும் திசையை மாற்றினால் வளைவும் முறுக்கும் தனித்தனியே மாறும். அடியில் மெழுகை உறிஞ்சும் பாலிஎத்திலீன், ஓரத்தில் எஃகு. ஜேக்கின் ஆரம்பகாலப் பலகைகளில் எஃகு விளிம்பு கிடையாது. ஆழமான புதுப்பனியில் மட்டுமே அவற்றுக்கு மரியாதை. இறுகிய பனியைக் கடிக்க 1980களின் நடுவில் வந்த எஃகு விளிம்பு தேவைப்பட்டது. பிற்பாடு பர்டன், காலுக்கு அடியில் மட்டும் விளிம்பைத் துளி வெளியே நீட்டியது. லிப் டெக் நிறுவனமோ விளிம்பையே அலை அலையாக வெட்டியது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: அழுத்தத்தைச் சில இடங்களில் குவித்து ஐஸைப் பிடிப்பது.

இதெல்லாம் சமன்பாட்டிலிருந்து பிறந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெரும் உற்பத்தியை 2010இல் ஆஸ்திரியாவுக்கு அனுப்பிய பிறகும், மாதிரி செய்யும் பட்டறையை பர்லிங்டனிலேயே வைத்துக்கொண்டது பர்டன். 2003இல் கனடாவில் பனிச்சரிவில் இறந்த வீரர் கிரெய்க் கெல்லியின் பெயர் அதற்கு. உடைந்து போவதற்கென்றே பலகை செய்யும் இடம் அது. நம் ஊரில் ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தால், கிடைக்கப்போகும் முடிவை முன்கூட்டியே எழுதித் தரவேண்டியிருக்கிறது. வீணாகப் போகும் அந்த நூறு மாதிரிகளுக்கு யார் காசு கொடுப்பது?

கடைசியாக, 2017இல் வந்த 'ஸ்டெப் ஆன்' பிணைப்பு. வழக்கமான பிணைப்பில், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டிலிருந்து இறங்கியதும் பின்னங்காலை மாட்டப் பனியில் உட்கார்ந்தோ குனிந்தோ இரண்டு பட்டைகளை இழுத்து இறுக்க வேண்டும். இதில் காலணியின் முன்பக்கம் இருபுறமும் இரண்டு கொக்கி, குதிகாலில் ஒன்று. மிதித்தால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை இன்னும் அழுத்தினால் இரண்டாவது 'கிளிக்'. மூன்று புள்ளிகளும் ஓரங்களுக்கு நெருக்கமாக இருப்பதால் கணுக்கால் கொடுக்கும் சாய்வு விளிம்புக்கு நேராகப் போகிறது. ஆனால் காலணிக்கு அடியில் பனி ஒட்டியிருந்தால் பூட்டாது. தட்டிவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும். காலணியும் அதற்கென்றே செய்த வகையாக இருக்க வேண்டும், பழையது சேராது. பட்டை வைத்த பிணைப்புகளையும் பர்டன் இன்றுவரை நிறுத்தவில்லை.