கரையில் உட்கார்ந்தால் மூச்சு வாங்காது

கண்புரை ஆபரேஷனுக்கு முன் ஃபிட்னஸ் சீட்டு கேட்டு வருகிற பெரியவர்களிடம் இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கும் நோயை அடிக்கடி பார்க்கிறேன். மார்பெலும்புக்கு வலது மேற்புறம் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் கரகரவென்று ஒரு சத்தம். கழுத்து வரை ஏறிக் கேட்கும். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தால் அந்த வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும். வந்தவரோ "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்களே" என்பார்.

இடது கீழறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசல் இந்த வால்வு. ஆரோக்கியமான வால்வு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் திறக்கும். 1-க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். அந்த நிலையில் கையில் பிரஷர் 130 காட்டும்போதே உள்ளே அந்த அறை 180 வரை முக்கிக்கொண்டிருக்கலாம். பிரஷர் மிஷினுக்கு அது தெரியாது.

முக்கி முக்கி இதயச் சுவர் தடிக்கிறது. ஆரம்பத்தில் அது உதவிதான். ஆனால் தடித்த சதைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும். இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களோ அதற்கு ஈடுகொடுப்பதில்லை. முதலில் அடிபடுவது சுவரின் உள் அடுக்கு: ரத்தம் கடைசியாகச் சேர்கிற இடம், அழுத்தமும் அங்கேதான் அதிகம். அங்கே செல்கள் செத்து, நார்த்தழும்பு விழுகிறது. சுவர் விறைத்துப்போகிறது, அறை சரியாக நிரம்புவதில்லை, ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. இத்தனைக்கும் ரிப்போர்ட்டில் ஈஎஃப், அதாவது ஒரு துடிப்பில் அந்த அறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 60 என்று அழகாகப் போட்டிருக்கும். அந்த எண் பெரும்பாலும் கடைசியில்தான் விழும். அதை மட்டும் பார்த்து "பம்பிங் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வால்வை மாற்றினால் தடிப்பு பெருமளவு வடியும். விழுந்த தழும்பு அப்படியே நிற்கும்.

அதனால் நான் மூச்சு வாங்குதா என்று மட்டும் கேட்பதில்லை. எந்த வேலையை விட்டீர்கள் என்று கேட்பேன்.

"கடலுக்குப் போறீங்களாண்ணே?"

"மகன் போறான். நான் வலை தைக்கிறேன். வயசாச்சில்ல."

பக்கத்திலிருந்த அவர் மனைவி விடவில்லை. "வயசெல்லாம் இல்லய்யா. வள்ளத்தைத் தள்ளுறப்ப கண்ணு இருட்டுதுன்னு மணல்ல உக்காந்துட்டாரு."

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களும் அப்படித்தான். முங்குவதை விட்டுவிட்டு, கரையில் காயப்போடும் வேலைக்கு மாறியிருப்பார்கள். உழைக்கும்போது கைகால் ரத்தக்குழாய்கள் விரியும். இறுகிய வால்வு வழியே அதற்கேற்ற ரத்தம் வராது. பிரஷர் சரிந்து கண் இருட்டும். வேலையைக் குறைத்தால் அறிகுறி மறையும், நோய் வளரும். மயக்கம், நெஞ்சு இறுக்கம், மேல்மூச்சு இவற்றில் ஒன்று வந்தபிறகும் வால்வை மாற்றாவிட்டால் பெரும்பாலோருக்கு மிஞ்சுவது சில வருடங்களே.

சுருங்கிய வால்வைத் திறக்க மாத்திரை கிடையாது, கொழுப்பு மாத்திரையும் உதவாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையை அடுத்த வீட்டில் வாங்கிப் போடாதீர்கள். இவர்களுக்குப் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும்.

நெஞ்சைத் திறந்தும் வால்வை மாற்றலாம். 2002 முதல் தொடை ரத்தக்குழாய் வழியாகவும் வைக்கிறார்கள். எந்த வால்வு என்று முடிவெடுக்குமுன் தொழிலைச் சொல்லுங்கள். உலோக வால்வுக்கு ஆயுளுக்கும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும், தவறாத ரத்தப் பரிசோதனையும் வேண்டும். தூண்டில் முள்ளோடும் கெளுத்தி முள்ளோடும் புழங்குகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. விலங்குத் திசுவால் செய்த வால்வில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் வருடங்கள் போனால் தேயும்.