மறுமதிப்பீடும் மறுபரிசீலனையும் ஒன்றுதானா?

ஒரு சின்னச் சோதனை. "வாங்க நினைத்த வீட்டை மறுமதிப்பீடு செய்தார்கள்" என்று ஒரு வாக்கியம். யாரோ வந்து பார்த்து, விலையைப் புதிதாகக் கணக்கிட்டிருக்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். இப்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'மறுபரிசீலனை'யை வைத்துப் பாருங்கள். கதையே மாறிவிடுகிறது. வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது! அகராதியைக் கேட்டால் இரண்டும் பொருளில் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்.

சொல்லை மாற்றி வைத்துப் பார்க்கும் இந்த முறை மொழியியலாளர்கள் நெடுநாளாகக் கையாள்வது. எந்த வாக்கியத்தில் வைத்தாலும் பொருள், தொனி, பழக்கம் எதுவும் மாறாமல் ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு சொற்கள் கிடைப்பது மிக அரிது.

எங்கே வேறுபடுகின்றன? முதலில் பின்பாதியைப் பாருங்கள். மதிப்பீடு என்றால் அளவோ விலையோ மதிப்பெண்ணோ ஒன்று கைக்கு வர வேண்டும். பரிசீலனைக்கு எண் தேவையில்லை. ஆம், இல்லை என்று சொல்ல வேண்டிய ஒரு விஷயம் காத்திருந்தால் போதும். அதனால்தான் விண்ணப்பமும் கோரிக்கையும் முடிவும் அதனோடு சேர்ந்து வருகின்றன. ஆய்வு ஆதாரங்களைத் தோண்டும். விசாரணைக்கு வழக்கு வேண்டும். காப்பியத்தையும் வரலாற்றையும் 'மறுவாசிப்பு' செய்கிறோம். கடன் விண்ணப்பத்தை யாரும் மறுவாசிப்பு செய்வதில்லை.

முன்பாதி இதைவிடச் சுவையானது. 'மறு' என்பதற்கு 'திரும்பவும்' என்று மட்டும் பொருளல்ல. மறுநாள், மறுகரை, மறுபக்கம் என்னும்போது அது 'அடுத்த', 'மற்ற' என்ற பொருளில் நிற்கிறது. 'மீள்' அப்படியல்ல, போன இடத்திலிருந்து திரும்பி வருவது அது. இந்தக் கண்ணோடு பார்த்தால், மறுஆய்வு என்பது இன்னொரு ஆய்வு. மீளாய்வு என்பது பழைய ஆய்வுக்கே திரும்பிப் போவது. நடைமுறையில் யாரும் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டில் 'மறுசுழற்சி' என்பதை இலங்கையில் 'மீள்சுழற்சி' என்பார்கள். அங்கே வேறுபாடு பொருளில் இல்லை, வழக்கில்தான் இருக்கிறது.

சரி, ஒரே வேலைக்கு இத்தனை சொற்களை மொழி ஏன் வைத்துக்கொள்கிறது? உண்மையில் அது வைத்துக்கொள்வதில்லை, பங்கு பிரித்துக் கொடுத்துவிடுகிறது. பிரெஞ்சு மொழியியலாளர் மிஷெல் பிரேயால் 1897-இல் எழுதிய நூலில் இதை ஒரு விதியாகவே சொன்னார்: ஒரே பொருளில் தொடங்கிய சொற்கள், மக்கள் பேசப் பேச, ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு விலகிப் போகும். குழந்தைகளிடமும் இதன் சாயலைக் காணலாம். பெயர் தெரிந்த பொருள் ஒன்றையும் தெரியாத பொருள் ஒன்றையும் முன்னால் வைத்து, புதுச்சொல் ஒன்றைச் சொன்னால், பெரும்பாலும் தெரியாத பொருளைத்தான் எடுத்துத் தருவார்கள். வேறு சொல் என்றால் வேறு பொருள் என்பது அவர்கள் கணக்கு.

ஒத்த பொருள் கொண்ட சொற்களைத் திரட்டி வைக்கும் ஆசை மிகப் பழையது. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நம் நிகண்டுகள் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தன. மனப்பாடத்துக்குத் தோதாகச் செய்யுளிலேயே செய்தன. ஆங்கிலத்தில் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் அத்தகைய தொகுப்பை வெளியிட்டது 1852-இல். இவற்றில் எல்லாம் சொல்லின் பொருளை முதலில் அறிந்த ஒரு மனிதர் உட்கார்ந்து பிரித்து அடுக்குகிறார்.

கணினிக்குப் பொருள் தெரியாது. அது வேறு வழியில் போகிறது. ஒரே மாதிரியான சூழல்களில் வரும் சொற்கள் பொருளிலும் நெருங்கியிருக்கும் என்பது 1954-இல் அமெரிக்க மொழியியலாளர் ஸெல்லிக் ஹாரிஸ் முன்வைத்த கருத்து. "குழு தன் முடிவை ______ செய்ய வேண்டும்" என்ற கோடிட்ட இடத்தில் எவை வரும்? மறுபரிசீலனை, மறுஆய்வு, மீளாய்வு. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, அக்கம்பக்கத்தில் வரும் சொற்களைக் கொண்டு ஒவ்வொரு சொல்லையும் சில நூறு எண்களின் வரிசையாகக் கணினி மாற்றிவிடுகிறது. வரிசைகள் ஒத்திருந்தால் சொற்களும் உறவு என்று எடுத்துக்கொள்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட வேர்ட்2வெக் என்ற கணினி முறை இதை வேகமாகவும் மலிவாகவும் செய்துகாட்டி இந்த வழியைப் பிரபலமாக்கியது.

இந்த முறை ஒரு இடத்தில் வசமாக மாட்டிக்கொள்கிறது. அதே கோட்டில் 'ரத்து' என்ற சொல்லும் அழகாகப் பொருந்துமே! 'மனுவை ஏற்றது', 'மனுவை நிராகரித்தது' இரண்டுக்கும் அக்கம்பக்கம் ஒன்றுதான். எதிர்ச்சொற்கள் ஒரே இடங்களில் புழங்குவதால், எண்களை மட்டும் பார்க்கும் கணினிக்கு அவை ஒத்த பொருள் தரும் இணைச்சொற்களைப்போலவே நெருக்கமாகத் தெரிகின்றன. அதனால் ஆய்வாளர்கள் சிலர், மனிதர்கள் கையால் தொகுத்த இணைச்சொல், எதிர்ச்சொல் பட்டியல்களைக் கொடுத்து, அந்த எண்களைப் பிறகு திருத்தினார்கள்: இணைச்சொற்களைப் பக்கத்தில் இழுப்பது, எதிர்ச்சொற்களைத் தள்ளி வைப்பது. நிகண்டு ஆசிரியர் பார்த்த அதே வேலை, கணக்கின் கடைசிப் படியில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.