ஆறினதும் ஸ்டார்ட் ஆனதே, அதுதான் பிரச்சினை

"ஃபுல் ரேஸில் போய்க்கிட்டு இருந்துச்சு அண்ணே, சத்தம் மாறி தானாவே நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் ஆறவிட்டு கயிறு இழுத்தோம், ஸ்டார்ட் ஆயிருச்சு. ஒண்ணும் ஆகலன்னு ஓட்டிட்டோம்."

அப்படி ஓட்டின, படகின் பின்னால் மாட்டுகிற டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் இன்னொன்று இப்போது மேஜையில் பிரிந்து கிடக்கிறது. பிஸ்டன் பக்கவாட்டில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடுகள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான ரிங் தன் பள்ளத்துக்குள்ளேயே அழுந்திக் கிடக்கிறது. முதல் தடவை நின்ற அன்றே கொண்டுவந்திருந்தால் பிஸ்டன், ரிங் மாற்றுவதோடு முடிந்திருக்கலாம். இப்போது பேரிங்கும் சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டது.

தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பிஸ்டன் அலுமினியம். அது ஓடுகிற ஸ்லீவ், அதாவது சிலிண்டரின் உள்சுவர், பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். நடுவில் இருக்கிற இடைவெளியோ மயிரிழை. மோட்டாரைக் குளிர வைக்கும் தண்ணீர் சுற்றாமல் சூடு ஏறினால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும், ஆயில் படலம் அறுந்துபோகும், பிஸ்டன் சுவரைப் பிடிக்கும், மோட்டார் நிற்கும். ஆறினால் பிஸ்டன் சுருங்கிப் பிடி விடும், மோட்டார் மறுபடி ஓடும். ஆக, நீங்கள் நல்ல சகுனம் என்று நினைப்பது பிஸ்டன் ஒரு முறை பிடித்ததற்கான சாட்சியாக இருக்கலாம். தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயில், பெட்ரோல் கோளாறிலும் மோட்டார் இப்படி நின்று ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் பழியை அங்கே போடாதீர்கள். சுவரில் அப்பிய அலுமினியம் ஆறினாலும் அங்கேயேதான் இருக்கும். அடுத்த ஃபுல் ரேஸில் பிஸ்டன் அதே இடத்தில்தான் உரசும்.

சரி, பிளக்கில் ஆரம்பிப்போம். பீங்கானில் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் புள்ளிகள் இருந்தால் அது பிஸ்டன் உருகின அலுமினியம். ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தால் சிலிண்டர் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏற்றுகிற அழுத்தம். எல்லா பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களை எர்த் பண்ணி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, பிளக் துவாரத்தில் மாட்டின அழுத்தக் கேஜின் முள் ஏறுவது நிற்கும் வரை கயிற்றை இழுக்க வேண்டும். த்ராட்டிலை மூடி வைத்து அளந்துவிட்டு "கம்ப்ரஷன் இல்லை" என்று பதறி வருபவர்களும் உண்டு. சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படுங்கள். எல்லாம் சமமாக இருந்தாலும் நிம்மதி வேண்டாம். எல்லாமே சமமாகக் கெட்டிருக்கலாம், ரிங்குக்குக் கீழே உரசின கோடு கேஜில் தெரியாமலும் போகலாம். எக்ஸாஸ்ட் கவரைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரமான போர்ட் வழியாகப் பிஸ்டனைப் பாருங்கள். மெல்லிய மரக்குச்சியால் ரிங்கை அழுத்தினால் துள்ளி வர வேண்டும். வரவில்லை என்றால் ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரில் அந்தக் கவர் போல்ட்டுகள் முறியாமல் வந்தால் அன்றைக்கு எங்களுக்கு நல்ல நாள். அதனால் பழக்கமில்லாதவர்கள் ஸ்பேனரை எடுக்காமல் இருப்பது உத்தமம். பிளக் துவாரத்தில் சின்ன கேமரா விட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

"பக்கவாட்டில் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுதே" என்பார்கள். அது பம்ப் தண்ணீர் தள்ளுகிறது என்று மட்டும்தான் சொல்லும். சூடு ஏறினால் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருந்தாலும், ஹெட்டுக்குள் உப்பு அடைத்திருந்தாலும் பல மோட்டார்களில் அந்தத் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும்.

அலாரம் அடித்தாலோ சத்தம் மாறினாலோ உடனே ரேஸைக் குறையுங்கள், ஆபத்தில்லாத இடம் என்றால் மோட்டாரை நிறுத்துங்கள். கொதிக்கிற ஹெட்டில் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் கோணிக்கொள்ளும். கயிறு இறுகியிருந்தால் ஆள் மாற்றி ஆள் இழுக்காதீர்கள். துடுப்பு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேறு படகைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்து வாருங்கள்.

மெக்கானிக்கிடம் நடந்ததை மறைக்காதீர்கள்: எவ்வளவு நேரம் ஓடியது, ஆயில் எந்த அளவில் கலந்தீர்கள், எத்தனை முறை நின்றது. தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் முறிந்திருந்தால் புது இம்பெல்லர் மட்டும் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். முறிந்த ரப்பர் துண்டுகள் மேலே தண்ணீர்ப் பாதையில் சிக்கியிருக்கும். எடுத்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு சேர்த்து வைத்து, எல்லா இதழும் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு மூடச் சொல்லுங்கள்.