பேரு ஒண்ணு, சைஸ் ஒண்ணு, ஆனா ஃபைல் வேற

போன மாசம் ஒரு ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ஏறவே மாட்டேங்குது, பாதியில எரர் அடிச்சு நிக்குதுன்னு கூப்டாங்க. போய் பாத்தா ரெண்டு பென்டிரைவ், ரெண்டுலயும் அதே பேர்ல செட்டப் ஃபைல், எம்பி கணக்குல சைஸும் ஒண்ணுதான். "ரெண்டும் ஒண்ணுதான் சார், நான்தான் காப்பி பண்ணேன்"னு அந்த தம்பி சாதிக்கிறாப்ல. விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கற பவர்ஷெல்ல கெட்-ஃபைல்ஹாஷ் அடிச்சு ரெண்டையும் ஓட்டினேன், வந்த ஹாஷ்ல ஒண்ணு 7-ல ஆரம்பிக்குது, இன்னொண்ணு சி-ல. தம்பி கப்சிப்.

ஃபைல்ல இருக்கற ஒவ்வொரு பைட்டையும் போட்டு அரைச்சு எடுக்கற ரேகை மாதிரிதாங்க இந்த ஹாஷ். ஷா-256ங்கற முறையில எடுத்தா 2 கேபி ஃபைலா இருந்தாலும் 4 ஜிபி ஐஎஸ்ஓவா (முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா ஆக்கினது) இருந்தாலும் 64 எழுத்துதான் வரும், உள்ள ஒரே ஒரு பிட் மாறினாலும் மொத்தமும் தலைகீழா மாறிடும், ஆனா ஃபைல் பேரை மட்டும் மாத்தினா அப்படியே இருக்கும்.

சரி, ரெண்டும் வேறன்னு தெரிஞ்சுது, எது சரியானது? கம்பெனி சைட்ல போட்டிருந்த ஹாஷோட சி-ல ஆரம்பிச்சதுதான் ஒத்துப்போச்சு, முழு 64-ம் (முதல் நாலு கடைசி நாலு மட்டும் பாக்கற பழக்கத்தை விடுங்க, காப்பி பண்ணி கன்ட்ரோல் எஃப்ல போட்டா மெஷினே பாத்துக்கும்). 7-ல ஆரம்பிச்சது, காப்பி முடியறதுக்குள்ள பென்டிரைவை உருவினது.

ஆனா டவுன்லோட் பண்ண அதே பக்கத்துல இருக்கற ஹாஷை மட்டும் நம்பறதும் ஆபத்துதான். 2016 பிப்ரவரி 20-ல லினக்ஸ் மின்ட்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட சைட்டுக்குள்ள புகுந்து 17.3 சின்னமன் டவுன்லோட் லிங்கை பேக்டோர் (திருட்டு வழி) வச்ச ஐஎஸ்ஓவுக்கு திருப்பி விட்டாங்க. லிங்கை மாத்த முடிஞ்சவனுக்கு பக்கத்துல இருக்கற ஹாஷை மாத்த எவ்ளோ நேரம் ஆகும்? அதான் ஜிபிஜி கையெழுத்து, அதாவது வெளியிடறவங்க தங்களோட ரகசிய சாவியால போடற டிஜிட்டல் கையெழுத்து வேணும்ங்கறது. டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ்ல சாஃப்ட்வேர் ஏத்தற ஏபிடி இந்த சரிபாக்கறதை தானா பண்ணிடுது: கையெழுத்து போட்ட ரிலீஸ் ஃபைல், அதுல பேக்கேஜ் லிஸ்ட்டோட ஹாஷ், லிஸ்ட்டுக்குள்ள ஒவ்வொரு பேக்கேஜோட ஹாஷ்னு சங்கிலி மாதிரி போகும்.

எம்டி5ங்கற பழைய ஹாஷ் மட்டும் போட்டிருந்தா டவுன்லோட் உடைஞ்சிருக்கான்னு பாக்க ஓகே, அதுக்கு மேல நம்பாதீங்க. இன்னொரு பழைய முறை ஷா-1-ம் போச்சு, 2017-லயே கூகுளும் ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐ ஆராய்ச்சி மையமும் ஒரே ஹாஷ் வர்ற வேற வேற ரெண்டு பிடிஎஃப் காட்டிட்டாங்க.

இன்னொண்ணு, ஹாஷ் ஒத்துப்போனா அது அவங்க வெளியிட்ட ஃபைல்தான்னு அர்த்தம், நல்ல ஃபைல்னு இல்ல. 2024-ல லினக்ஸ்ல ஃபைலை சுருக்கற எக்ஸ்இசட்ங்கற சாஃப்ட்வேரோட 5.6.0, 5.6.1-ல பேக்டோரை வச்சதே ரிலீஸ் போடற ஆளு, அதனால ஹாஷ், கையெழுத்து எல்லாம் பக்கா. எஸ்எஸ்எச் (தூரத்துல இருக்கற மெஷினுக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் இழுக்குதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்ங்கற இன்ஜினியர் நோண்டப் போயிதான் அது மாட்டுச்சு.