குரல்நாணைத் தண்ணீர் தொடுவதில்லை

பாடுவதற்கு முன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் தொண்டை இதமாகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை. தொட்டால் அதற்குப் பெயர் புரையேறுவது! விழுங்கும்போது குரல்வளையின் மூடி கவிழ்கிறது, நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன, தண்ணீர் பின்பக்கமாக உணவுக்குழாயில் இறங்கிவிடுகிறது. அப்புறம் ஏன் பாடுகிறவர்களிடம் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று சொல்கிறோம்?

'நாண்' என்றதும் இழுத்துக் கட்டிய தந்திதான் நினைவுக்கு வரும். உண்மையில் அவை இரண்டு சதை மடிப்புகள். ஆண்களுக்குச் சுமார் 2 செ.மீ. நீளம், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. உள்ளே தசை, வெளியே மெல்லிய தோல், இரண்டுக்கும் நடுவே ஜெல்லி போன்ற ஓர் அடுக்கு. உங்கள் புறங்கைத் தோலை விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். எலும்பு அசையாமல் தோல் மட்டும் நகர்கிறது இல்லையா? நாணின் மேல்தோலும் இப்படித்தான் தசையின் மேல் வழுக்கி அலையடிக்கிறது. 1974-ல் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ இந்த அடுக்கமைப்பை விளக்கினார். குரலின் இனிமை அந்த வழுக்கலில்தான் இருக்கிறது.

நுரையீரலிலிருந்து வரும் காற்று நாண்களைப் பிரிக்கிறது. அவை மறுபடி வந்து ஒட்டுகின்றன. 440 ஹெர்ட்ஸ் சுரம் பாடினால் ஒரே விநாடியில் 440 முறை மோதல். ஒரு பாடலில் மூன்று நிமிடம் குரல் ஒலிக்கிறது, சராசரி 300 ஹெர்ட்ஸ் என்று வைத்தால்கூட 54,000 மோதல்கள். உள்ளங்கைகளை அத்தனை தடவை தட்ட முடியுமா? நாண்கள் தாங்குவது அந்த ஜெல்லி மெத்தையால்தான்.

மெத்தை வறண்டால் நாண்களை அசைக்கவே கூடுதல் காற்றழுத்தம் வேண்டும். குடித்த நீர் ரத்தத்தில் கலந்துதான் அங்கே போய்ச் சேரும், அது உடனே நடப்பதில்லை. அதனால் மேடையில் குடிப்பதைவிட முதல்நாளிலிருந்தே குடித்து வருவதுதான் கைகொடுக்கும். நாணின் மேற்பரப்பை நேரடியாக ஈரமாக்குவது மூச்சுக்காற்றிலுள்ள ஈரம். ஆவி பிடிப்பது இதமாக இருப்பதற்கும், மூக்கால் மூச்சிழுப்பது நல்லது என்பதற்கும் அதுதான் காரணம்.

மோதலின் வேகம் அதிகமாக விழுவது அதிரும் பகுதியின் நடுவில். ஓயாமல் கத்தினால் அங்கே இருபுறமும் தடித்து முடிச்சு விழும், கை காய்த்துப்போவது மாதிரி. முடிச்சு இடிப்பதால் நாண்கள் முழுதாக மூடாது, காற்று கசியும். குரல் எழும்பவில்லையே என்று இன்னும் அழுத்திப் பாடுவோம், முடிச்சு இன்னும் தடிக்கும். என் கணிப்பில் பாடகர்களின் குரலைக் கெடுப்பதில் பாட்டைவிடப் பேச்சுக்கே பங்கு அதிகம். இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசுவது, நொடிக்கொரு தரம் செருமுவது. செருமல் என்பது நாண்களை அறைந்து தேய்ப்பது. அதற்குப் பதில் எச்சிலை விழுங்கிப் பாருங்கள்.

குரலைப் பதப்படுத்த நான் விரும்பிச் சொல்வது ஒரு மெல்லிய உறிஞ்சுகுழல். அதை உதடுகளால் மூடிப் பிடித்து, அதன் வழியே 'ஊ' என்று கீழிருந்து மேல் சுரம் வரை மெதுவாக ஏறி இறங்குங்கள். சின்னத் துளையில் தடைப்படும் காற்று திரும்பி அழுத்தி நாண்களுக்கு இடையே ஒரு தாங்கலாக நிற்கிறது. அதிர்வு உண்டு, அடி குறைவு.

வீக்கத்தைக் கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. மேல் ஸ்தாயியில் மிகச் சன்னமான குரலில் பாடிப் பாருங்கள். உரக்கப் பாடினால் வந்துவிடும் சுரம், சன்னமாகப் பாடும்போது தாமதித்தோ காற்றாகவோ வந்தால் நாண் வீங்கியிருக்கலாம். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும். 1854-ல் பாட்டு வாத்தியாரான மானுவெல் கார்சியா, சிறு கண்ணாடிகளையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். இன்று விட்டு விட்டு மின்னும் விளக்கின் உதவியால் அந்த அலையை நிதானமாகத் திரையில் காட்டுகிறார்கள்.

பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று போய்விட்டால் மட்டும் காத்திருக்கவே கூடாது. நாணில் ரத்தக்குழாய் உடைந்திருக்கலாம். பாட்டை அந்த வரியோடு நிறுத்திவிடுங்கள். சமாளித்துப் பாடி முடித்தால் அங்கே தழும்பு விழக்கூடும். தழும்பு விழுந்த இடத்தில் தோல் அடியோடு ஒட்டிக்கொள்ளும், அலை அங்கே வந்து நின்றுவிடும்.